குதிரைக்கு ஒட்டுக் கட்ட முடியாது

அக்கா பையனுக்கு முழுப்பரீட்சை லீவு. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தும், அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை தலை நிமிரவே இல்லை. செல்போன்தான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனது. அப்புறம்தான் மாமா ஒருத்தன் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்தது.

"மாமா, 31 லெங்த்ல ஜெயிச்சதுன்னா எவ்ளோ தூரம்?"

பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய ரீல். 1973 ஜூன் 9, நியூயார்க்கில் நடந்த பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயம். ஒரு செம்பழுப்புக் குதிரை தனியாக ஓடி வருகிறது. மற்ற குதிரைகளைக் காட்ட கேமராவை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் அவை படத்துக்குள் வரவில்லை. அந்தக் குதிரையின் பெயர் செக்ரடேரியட்.

"லெங்த்னா ஒரு குதிரையோட நீளம்டா. மூக்குல இருந்து வால் வரைக்கும், ஏறக்குறைய எட்டடி. நம்ம டவுன் பஸ் ஆறை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒட்டி நிறுத்திப் பாரு. அதுதான் 31 லெங்த்."

"ஆறு பஸ்ஸா!" என்று வாயைப் பிளந்தான். பிறகு இருபதாவது வளைவு வரை கேள்விதான். பந்தயக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பெரியப்பா புண்ணியம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போவார், சனிக்கிழமை கிண்டி ரேஸ் மைதானத்தில் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை காலை வெறுங்கையோடு சேலம் ஜங்ஷனில் இறங்குவார். கடைசியில் அவர் எங்களுக்கு விட்டுப்போன சொத்து ஒரு பீரோ அடுக்கு நிறைய ரேஸ் புத்தகங்கள். தமிழ்நாட்டில் 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கும். பணம் கட்டுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள். குதிரையின் வரலாற்றை வாசிப்பது எப்படி என்று மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இனம். ரேஸில் ஓடும் குதிரை சும்மா நல்ல குதிரை இல்லை, தரோபிரெட் என்கிற தனி இனம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகள்தான் இதற்கு மூலம்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். இன்று உலகத்தில் எந்த மூலையில் ஓடும் தரோபிரெட்டை எடுத்தாலும், அப்பா, அப்பாவின் அப்பா என்று மேலே போய்க்கொண்டே இருந்தால் இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். பெரும்பாலானவை டார்லி அரேபியன் வழி. பங்காளி வகையறா சொல்வதில் நம்மூர்க்காரர்களையே மிஞ்சிவிட்டார்கள். 1791-லிருந்து இதற்கென்றே வம்சாவளிப் புத்தகம் போட்டு, அதில் பெயர் ஏறாத குதிரை தரோபிரெட்டே இல்லை என்று வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கான பதிவு புனேயில் நடக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச் சந்தையில் மாடோ குதிரையோ வாங்கப் போகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். தரோபிரெட் குதிரைக்கு பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரைப் படம் வரைந்து, நெற்றியில் எங்கே சுழி, கழுத்தில் எங்கே சுழி என்று குறித்திருக்கும். நம்மூரில் சுழி பார்ப்பது அதிர்ஷ்டத்துக்கு. அங்கே கைரேகை மாதிரி, இது அந்தக் குதிரைதானா என்று அடையாளம் காண்பதற்கு. இப்போது அதோடு மைக்ரோசிப்பும் டிஎன்ஏ சோதனையும் சேர்ந்துவிட்டன.

இன்னொரு விசித்திரம், பிறந்த நாள். வட அரைக்கோளத்தில் எல்லா தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். பிப்ரவரியில் பிறந்த குட்டியும் மே மாதக் கடைசியில் பிறந்த குட்டியும் ஒரே வகுப்பு. எல்.கே.ஜி.யில் ஜூன் மாதப் பிள்ளையையும் அடுத்த மே மாதப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது மாதிரி. மே மாதக் குட்டி ஒன்று கொஞ்ச நேரத்தில் வரும், மறந்துவிடாதீர்கள்.

முதல் வாழ்க்கை: பதினாறு மாதம்

செக்ரடேரியட் 1970 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மெடோ என்ற பண்ணையில் பிறந்தது. அப்பா போல்ட் ரூலர், அம்மா சம்திங்ராயல். குதிரை வரலாற்றில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இல்லாமல் முதல் வரி எழுத மாட்டார்கள்.

அது அந்தப் பண்ணைக்குக் கிடைத்த கதையே வேடிக்கை. போல்ட் ரூலரின் சொந்தக்காரர்களான ஃபிப்ஸ் குடும்பம், பெரிய பெட்டைக் குதிரைகளுக்கு அதை இணை சேர்க்கக் காசு வாங்கவில்லை. பிறக்கும் குட்டிகளைப் பிரித்துக்கொள்வோம், யாருக்கு எது என்று காசு சுண்டிப் பார்ப்போம் என்றது ஒப்பந்தம். நம்மூரில் மாட்டை வாரத்துக்கு விட்டு, கன்றைப் பிரித்துக்கொள்வதுதானே, அதே கணக்கு. 1969-இல் சுண்டியபோது ஃபிப்ஸ் ஜெயித்தார். ஏற்கெனவே பிறந்திருந்த, சம்திங்ராயலின் பெட்டைக் குட்டியை எடுத்துக்கொண்டார். அது பிற்பாடு ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. தோற்றுப்போன, மெடோ பண்ணையைக் கவனித்துவந்த பென்னி செனரிக்குக் கிடைத்ததில் அதே தாயின் வயிற்றில் இருந்த, இன்னும் பிறக்காத குட்டியும் ஒன்று. அதுதான் செக்ரடேரியட்.

மொத்தம் 21 ஓட்டம். 16 முதலிடம், 3 இரண்டாமிடம், 1 மூன்றாமிடம். ரேஸ் புத்தகத்தில் 21: 16-3-1 என்று ஒரே வரியாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்று இடிக்கும். அந்த மிச்சம் முதல் பந்தயம். 1972 ஜூலை 4, கிளம்பும்போதே மற்ற குதிரைகள் இடித்து, நான்காவதாக வந்தது.

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு டிரிபிள் கிரௌன் என்று மூன்று பந்தயம் உண்டு: கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட். ஐந்து வாரத்துக்குள் மூன்றையும் ஜெயிக்க வேண்டும். 1948-க்குப் பிறகு 25 வருஷம் எந்தக் குதிரையாலும் முடியவில்லை. 1973-இல் செக்ரடேரியட் ஜெயித்தது. அன்றைக்கு அது அடித்த நேரங்கள் மூன்று பந்தயத்திலும் இன்றுவரை உடையவில்லை.

எல்லோரும் அந்த 31 லெங்த்தைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அதைவிட டெர்பிதான் ஆச்சரியம். 2 கிலோமீட்டர் ஓட்டம். அதை ஐந்து துண்டாகப் பிரித்து நேரம் எடுப்பார்கள், துண்டுக்கு 400 மீட்டர் சொச்சம். நாமாக இருந்தால் முதல் துண்டில் பறப்போம், மூன்றாவதில் இடுப்பைப் பிடிப்போம், ஐந்தாவதில் யாராவது சோடா கொண்டுவர வேண்டும். எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான். செக்ரடேரியட்டின் ஐந்து துண்டுகளைப் பாருங்கள்: 25.2 விநாடி, 24, 23.8, 23.4, 23. ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட வேகம். கடைசி 400 மீட்டரில்கூட அதன் வேகம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி. அதற்கு முன்னால் இருந்த சாதனை சரியாக 2 நிமிடம். 1964-இல் நார்தர்ன் டான்சர் என்ற குதிரை வைத்தது. இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்மான்ட் 2.4 கிலோமீட்டர். செக்ரடேரியட் எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 24 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர். சேலம் ஐந்து ரோட்டில் அந்த வேகத்தில் போனால் போலீஸ்காரர் ஓரம் கட்டச் சொல்வார். முதுகில் ஜாக்கி ரான் டர்காட். பந்தயம் முடிந்து 5,617 வெற்றிச் சீட்டுகளைக் கொடுத்துப் பணம் வாங்காமலே ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2 டாலர் சீட்டுக்கு 2 டாலர் 20 சென்ட் கிடைத்திருக்கும். சீட்டே பெரிது என்று வைத்துக்கொண்டார்கள். பெரியப்பா பீரோவிலும் சீட்டுகள் நிறைய இருந்தன. அவை வேறு ரகம்.

தோற்கவும் செய்தது. டெர்பிக்கு இரண்டு வாரம் முன்னால் வாயில் சீழ்க்கட்டியோடு ஓடி மூன்றாவதாக வந்தது. டிரிபிள் கிரௌன் வாங்கிய அதே கோடையில் சாரடோகா மைதானத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. ஆமாம், வெங்காயம். அக்கா பையன் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

1973 அக்டோபர் கடைசியில் கனடாவில் கடைசி ஓட்டம், அதிலும் வெற்றி. முதல் ஓட்டத்திலிருந்து எண்ணினால் பதினாறு மாதம்கூட நிறையவில்லை. மூன்று வயதிலேயே ஓய்வு. இவ்வளவு நல்ல குதிரையை ஏன் நிறுத்தினார்கள்?

இரண்டாம் வாழ்க்கை: பொலிகுதிரை

அது டெர்பி ஓடுவதற்கு முன்பே விற்றாகிவிட்டது, அதனால்தான். 1973 ஜனவரியில் பென்னி செனரியின் அப்பா இறந்தார், வாரிசு வரி கட்டப் பணம் வேண்டியிருந்தது. பிப்ரவரியில் குதிரையை 32 பங்காகப் பிரித்து, பங்கு 1,90,000 டாலர் என்று விற்றார்கள். மொத்தம் 60,80,000 டாலர். அதுவரை எந்தக் குதிரைக்கும் கிடைக்காத விலை. நிபந்தனை, மூன்று வயது முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, பொலிகுதிரையாக, அதாவது இணை சேர்க்கும் ஆண் குதிரையாக, பண்ணைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒரு பங்கு வைத்திருந்தால் என்ன கிடைக்கும்? வருஷத்துக்கு ஒரு பெட்டைக் குதிரையைக் கொண்டுபோய் அதனோடு இணை சேர்க்கும் உரிமை. சீட்டுக் கம்பெனியில் சீட்டு எடுப்பதுபோல, மாதாமாதம் பணத்துக்குப் பதில் வருஷா வருஷம் ஒரு குட்டி. பங்கு இல்லாதவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அதை ஸ்டட் ஃபீஸ் என்பார்கள். பந்தய உலகத்தில் பெரும்பணம் கோப்பையில் இல்லை, இந்தக் கட்டணத்தில்தான் இருக்கிறது. செக்ரடேரியட் ஓடிச் சம்பாதித்தது 13 லட்சம் டாலர் சொச்சம். ஓடாமல் நிற்பதற்குக் கிடைத்த விலை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

இங்கேதான் பையன் குறுக்கே வந்தான். "நம்மூர்ல மாட்டுக்கு ஊசி போடுறாங்கல்ல மாமா, அந்த மாதிரி போட்டா ஆயிரம் குட்டி வருமே?"

சரியான கேள்வி. சினை ஊசி தெரியாத கிராமம் சேலம் மாவட்டத்தில் கிடையாது. எங்கேயோ நிற்கும் ஜெர்சிக் காளையின் உறைவிந்துக் குச்சி கால்நடை மருந்தகத்துக்கு வந்து, நம் வீட்டுப் பசுவுக்குக் கன்று பிறக்கிறது. தரோபிரெட்டில் அது கூடவே கூடாது. செயற்கைக் கருவூட்டல், கருமாற்றம், குளோனிங் எதற்கும் அனுமதியில்லை. பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் சேர்ந்து பிறந்தால்தான் புத்தகத்தில் பெயர் ஏறும். பெட்டையை வண்டியில் ஏற்றி, தேவைப்பட்டால் விமானத்தில் ஏற்றி, பொலிகுதிரை நிற்கும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். பதினோரு மாதச் சினை, வருஷத்துக்கு ஒரே குட்டி. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஸ்டட் ஃபீஸ் உறைவிந்துக் குச்சி விலைக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு. விதி போட்டவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

இதைவிட முக்கியமான இன்னொன்று. நம்மூர் மாம்பழத்தை வைத்துச் சொன்னால் சீக்கிரம் விளங்கும். ஒரு மல்கோவா மரம் தேனாகக் காய்க்கிறது. அந்தக் கொட்டையை ஊன்றினால் அதே பழம் வருமா? வராது, வந்தால் அதிர்ஷ்டம். மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ, எந்தக் குணம் ஏறியதோ. அதனால்தான் தாய் மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டுகிறோம். ஒட்டில் வரும் மரம் கிட்டத்தட்ட அதே மரம், அதே பழம். குதிரைக்கு ஒட்டு கிடையாது. ஒவ்வொரு குட்டியும் ஊன்றின கொட்டைதான். பாதி அப்பா, பாதி அம்மா, அந்தப் பாதியிலும் எந்தப் பாதி என்று பிறந்து வளர்ந்து ஓடினால்தான் தெரியும்.

60 லட்சம் டாலர் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது ஒட்டுக்கன்று. கிடைத்தது கொட்டை.

செக்ரடேரியட் கென்டக்கியில் கிளெய்போர்ன் பண்ணைக்குப் போனது. அப்பா போல்ட் ரூலர் நின்ற அதே கொட்டடி. ஆரம்பத்திலேயே ஒரு பீதி: விந்துப் பரிசோதனையில் முதிராத அணுக்கள் தெரிந்தன, குட்டி பிறக்குமா என்று சந்தேகம். சாதாரண அப்பலூசா ரகப் பெட்டையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1974-இல் குட்டி பிறந்தது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்புறம் மொத்தம் 600-க்கும் மேல் குட்டிகள். பெயர் வாங்கியவையும் உண்டு. லேடிஸ் சீக்ரெட் என்ற பெட்டை 1986-இல் அமெரிக்காவின் சிறந்த குதிரை. ரைசன் ஸ்டார் 1988-இல் பிரீக்னஸ், பெல்மான்ட் இரண்டையும் ஜெயித்தது. வேறு எந்தப் பொலிகுதிரைக்கும் இது நல்ல கணக்கு. ஆனால் ஜனங்கள் கேட்டது இன்னொரு செக்ரடேரியட். ஆண் வாரிசுகளில் அப்பா பெயரைத் தூக்கி நிறுத்தும் பொலிகுதிரை எதுவும் வரவில்லை. தோல்வி என்று எழுதிவிட்டார்கள். பெரிய நடிகரின் மகன் நடிக்க வந்தால் நம் ஜனம் என்ன செய்யும், அதேதான்.

யாரும் வாங்காத குட்டி

இப்போது அந்த மே மாதக் குட்டி. 1961 மே 27, கனடாவில் ஒஷாவா என்ற ஊர், விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணை. அப்பா நியர்க்டிக், அம்மா நடால்மா. சொந்தக்காரர் ஈ.பி. டெய்லர். அவர் ஒரு வயதுக் குட்டிகளுக்கு விலை எழுதி வைத்து, வருகிறவர்கள் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம் என்பார். நார்தர்ன் டான்சருக்கு எழுதிய விலை 25,000 டாலர். குள்ளம், கட்டை என்று ஒருவரும் கை வைக்கவில்லை. கடைசியில் அவரே வைத்துக்கொண்டார்.

சந்தையில் யாரும் கேட்காத அந்தக் குட்டி 18 தடவை ஓடி 14 தடவை ஜெயித்தது, மிச்சம் நாலும் இரண்டாமிடம் அல்லது மூன்றாமிடம். 1964-இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் இரண்டும் அதற்குத்தான். பெல்மான்ட்டில் மட்டும் மூன்றாவதாக வந்தது. டிரிபிள் கிரௌன் கிடையாது. பிறகு கால் தசைநாரில் அடி, ஓய்வு. இணை சேர்க்கக் கட்டணம் 10,000 டாலர் என்று தொடங்கினார்கள்.

ஓடும் குதிரையாக மட்டும் பார்த்தால் செக்ரடேரியட்டுக்கு அடுத்த படிதான். பொலிகுதிரையாகக் கதை தலைகீழ். அதன் மகன் நிஜின்ஸ்கி 1970-இல் இங்கிலாந்தின் டிரிபிள் கிரௌன் வாங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே யாரும் வாங்கவில்லை. லிஃபார்ட், டான்சிக், நூரியேவ், சாட்லர்ஸ் வெல்ஸ் என்று மகன்கள் வரிசையாக வந்து, அவையும் பொலிகுதிரைகளாக ஜெயித்தன. அதுதான் விசேஷம். ஜெயிக்கும் குட்டியைக் கொடுப்பது ஒரு திறமை. ஜெயிக்கும் குட்டியைக் கொடுக்கும் குட்டியைக் கொடுப்பது அதற்கும் மேல். நம் காலத்தின் பெரிய குதிரை ஃப்ராங்கல், 14 ஓட்டம் 14 வெற்றி. அதன் அப்பா கலிலியோ, அதன் அப்பா சாட்லர்ஸ் வெல்ஸ், அதன் அப்பா நார்தர்ன் டான்சர். ஃப்ராங்கலின் அம்மா வழியில் ஏறிப் பார்த்தாலும் டேன்ஹில், டான்சிக் வழியாக அதே குள்ளக் குதிரை வந்து நிற்கும்.

1980-களில் நார்தர்ன் டான்சரின் கட்டணம் ஒரு தடவைக்கு 10 லட்சம் டாலர் வரை போனது. சினை நிற்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லாமல்.

அந்தப் பைத்தியத்தின் உச்சத்தை ஒரு குட்டி காட்டும். 1983 ஜூலை, கென்டக்கியில் கீன்லேண்ட் ஏலம். நார்தர்ன் டான்சரின் மகன், ஒரு வயது. துபாய் ஷேக் முகமது தரப்பும், இங்கிலாந்துக் குதிரை முதலாளி ராபர்ட் சாங்ஸ்டர் தரப்பும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள். 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஷேக் எடுத்தார். ஒரு வயதுக் குட்டி ஒன்று கோடி டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் வைத்தார்கள். பயிற்சியில் பார்த்தால் ஓட்டமே இல்லை. ஒரு பந்தயத்தில்கூட இறக்கவில்லை. சரி, ரத்தம் நல்ல ரத்தமாயிற்றே, பொலிகுதிரையாக்குவோம் என்றார்கள். வீரியமும் இல்லை, மொத்தமே நாலு குட்டி. அப்பாவை 25,000-க்கு வாங்க ஆளில்லை. மகனை 1 கோடிக்கு வாங்கச் சண்டை. ஓடத் தெரிந்தது அப்பா.

பெண் வழி

செக்ரடேரியட்டைத் தோல்வி என்றவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அவர்கள் மகன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விஷயம் மகள்களிடம் இருந்தது.

குதிரை வம்சாவளியில் அம்மாவின் அப்பாவுக்குத் தனி மரியாதை உண்டு. தாய் வழித் தாத்தாக்களுக்கென்றே தனிப் பட்டியல் போடுவார்கள், 1992-இல் அமெரிக்காவில் அதில் முதலிடம் செக்ரடேரியட்டுக்கு. அதன் மகள் வீக்எண்ட் சர்ப்ரைஸ் பெற்ற ஏ.பி. இண்டி 1992-இல் பெல்மான்ட் ஜெயித்து, பிற்பாடு பெரிய பொலிகுதிரையானது. இன்னொரு மகள் டெர்லிங்குவா. அதன் மகன் ஸ்டார்ம் கேட், கட்டணம் 5 லட்சம் டாலர் வரை போன குதிரை.

மகன்களுக்கு வராதது மகள்கள் வழியாக ஏன் வந்தது? ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1989 அக்டோபர் 4 அன்று செக்ரடேரியட் இறந்தது. குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சதை அழற்சி கண்டு விட்டுப்போகும் லாமினைட்டிஸ் நோய், கருணைக் கொலைதான் வழியாக இருந்தது. உடலை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக், அதன் இதயத்தைப் பார்த்து அசந்துபோனார். எடை போடவில்லை. பின்னாளில் 22 பவுண்டு இருக்கும் என்று கணித்தார், அதாவது 10 கிலோ. சாதாரணமாக இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நோயால் வீங்கியதும் இல்லை, ஆரோக்கியமான இதயம். இவ்வளவு பெரிய இதயத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருந்தால், ஆண் குதிரை அதைத் தன் மகளுக்குத்தான் கொடுக்க முடியும், மகனுக்கு முடியாது. அதனால்தான் பேரன்களிடம் தெரிகிறது என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது. நிரூபணமாகவில்லை. எனக்கு எளிய காரணமே போதும்: அதற்கு நாட்டிலேயே சிறந்த பெட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், அந்த வயிற்றில் பிறந்த மகள்கள் நல்ல தாயாக அமைந்ததில் என்ன அதிசயம்?

மேச்சேரி ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொலிகிடா வாங்கும்போது கிடாவை மட்டும் பார்க்க மாட்டார்கள், "இதோட தாயைக் காட்டுங்க" என்பார்கள்.

டெர்லிங்குவாவின் மகன் ஸ்டார்ம் கேட் என்றேனா, அதன் அப்பா ஸ்டார்ம் பேர்ட். ஸ்டார்ம் பேர்டின் அப்பா யார் தெரியுமா? நார்தர்ன் டான்சர். குள்ளக் குதிரையின் 2 நிமிடச் சாதனையை உடைத்த செம்பழுப்புக் குதிரையும், அந்தக் குள்ளக் குதிரையும் ஒரே பேரனில் சம்பந்தியாகிவிட்டன. 37 வருஷம் காலியாகக் கிடந்த டிரிபிள் கிரௌனை 2015-இல் அமெரிக்கன் ஃபேரோ வாங்கியது. 2018-இல் ஜஸ்டிஃபை. இரண்டின் வம்சாவளியிலும் ஸ்டார்ம் கேட் இருக்கிறது, ஒன்றில் தாய் வழியில், இன்னொன்றில் தந்தை வழியில்.

இந்தியாவுக்கும் அந்த ரத்தம் வந்தது. நார்தர்ன் டான்சரின் மகன் ரசீன், 1990-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் பெரிதாக எதிர்பார்க்கப்பட்டு ஏமாற்றிய குதிரை. இங்கே உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து இந்தியாவின் முன்னணிப் பொலிகுதிரையானது. ஓட்டத்தில் விட்டதை இங்கே பிடித்தது.

குதிரைப் பண்ணை நம் வாழ்க்கையைத் தொட்ட விதம் ஒன்று உண்டு. புனேயில் பூனாவாலா குடும்பம் பந்தயக் குதிரை வளர்த்தது. ஓய்வு பெற்ற குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள். அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு, ரணஜன்னி (டெட்டனஸ்) மருந்துகளுக்கான சீரம் எடுப்பார்கள். நம்மிடம் குதிரை இருக்கும்போது நாமே ஏன் செய்யக் கூடாது என்று சைரஸ் பூனாவாலா 1966-இல் சீரம் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார். கொரோனா சமயத்தில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டோமே, அந்தக் கம்பெனி.

ஏற்காட்டில் ஏரியைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் உறவுக்காரர் காரில் குப்பனூர் வழியாக இறங்கினோம். கீழே ஒரு மாந்தோப்பில் நிறுத்தி மல்கோவா வாங்கினோம். வாசலில் ஒட்டுக்கன்றுகள் வரிசையாக இருந்தன, தண்டில் பாலிதீன் தாள் சுற்றிய இடத்தில் சின்ன முண்டு. "இதுல தான் ஒட்டு இருக்கு, கீழ இருக்கிறது வேற மரம்" என்று தோட்டக்காரர் காட்டினார். பையன் விரலால் தடவிப் பார்த்தான். பழத்தைத் தின்று முடித்துவிட்டுக் கொட்டையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா?"

"ஊன்றிப் பார்க்கிறேன் மாமா. என்ன வருதுன்னு."

"காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்."

மூன்று நாள் கழித்து அக்கா போன் செய்தாள். பள்ளிக்கூடப் பையைத் திறந்தாளாம், உள்ளே கொட்டை, புத்தகமெல்லாம் எறும்பு.